பிடிகொடுக்காத ஆசானைத் தேடி: குமரி மாவட்டத்தில் ஆவணப்படம் எடுக்க வருபவர்களுக்கு

நாங்கள் மூன்று பேர். கேமராவுக்கு ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒருவர், மற்ற எல்லாவற்றுக்கும் நான். திருவட்டாறுக்கும் அருமனைக்கும் இடையில் எங்கோ இருக்கிறார் என்று கேள்விப்பட்ட ஒரு வர்ம ஆசானைப் (உடம்பின் உயிர்நிலைகளான வர்ம இடங்கள் தெரிந்த நாட்டு வைத்தியர்) பற்றி அரை மணி நேர ஆவணப்படம் எடுக்கப் போனோம். அவருக்குப் போன் கிடையாது. வைத்தியசாலை, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. எந்த வீட்டில் கை கால் முறிந்து ஆள் கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு அவரே நடந்து போவார். சில சமயம் நாலைந்து நாள் அங்கேயே தங்கிவிடுவார். முதல் பயணத்தில் 12 நாள் அலைந்தோம். அவர் நிழலைக்கூடப் பார்க்கவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே பதில்: "நேத்தைக்கு இஞ்சதான் நிண்ணாரு."

மூன்று பயணங்களில் மொத்தம் 36 நாள் ஆனது. விஷயம் தெரிந்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். எங்களுக்குப் பிறகு கேமராவோடு வருபவர்கள் இந்த அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் தேடுவது வில்லுப்பாட்டு அண்ணாவியாக இருக்கலாம், பனையேறியாக இருக்கலாம், தோல்பாவைக்கூத்துக் கலைஞராக இருக்கலாம். பெரும்பாலானது எல்லோருக்கும் பொருந்தும்.

1. யாரைத் தேடுகிறீர்கள் என்று சரியாகக் கேட்கப் பழகுங்கள்

"இங்கே ஒரு ஆசான் இருக்கிறாராமே?" என்று கேட்டோம். இதுதான் எங்களுடைய முதல் தப்பு. இந்தப் பக்கம் களரி சொல்லித் தருபவரும் ஆசான், அடிமுறை சொல்லித் தருபவரும் ஆசான், களியல் ஆட்டத்தை நடத்துபவரும் ஆசான், வைத்தியம் பார்ப்பவரும் ஆசான். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு எங்களைத் தங்களுக்குத் தெரிந்த ஆசானிடம் அனுப்பிவைத்தார்கள். நாலு நாளில் ஐந்து ஆசான்களைப் பார்த்தோம். ஒருவர்கூட நாங்கள் தேடியவர் இல்லை.

கிளம்பும் முன்பே நான்கு விவரங்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள். ஊரில் அவரைக் கூப்பிடும் பெயர், வீட்டுப்பெயர், அவர் யாரிடம் படித்தார், எந்த மாதிரி நோவுக்கு அவரிடம் போகிறார்கள். ஆதார் அட்டையில் இருக்கும் பெயர் இங்கே எதற்கும் உதவாது. எங்களிடம் இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கே அது தெரியவில்லை. வீட்டுப்பெயரைச் சொன்ன பிறகுதான், "ஓ, அந்தப் பாட்டாவா?" என்று முகம் மலர்ந்தது.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். 'விளை' (தோட்ட நிலம்) என்று முடியும் ஊர்கள் இங்கே கணக்கில்லாமல் உண்டு. ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் வரும். பக்கத்தில் என்ன கோயில், என்ன சர்ச், எந்தச் சந்திப்பில் இறங்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோவளம் என்றால் கன்னியாகுமரி பக்கத்திலும் ஒன்று, திருவனந்தபுரம் பக்கத்திலும் ஒன்று. மேப்பில் பெயரைத் தட்டிவிட்டுக் கிளம்பினால் மாநிலமே மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அவருடைய பழைய போட்டோ ஒன்று கிடைத்ததும், "இவரைத் தெரியுமா?" என்று உள்ளூர் வாட்ஸப் குழுக்களில் போட்டோம். அது சுற்றிச் சுற்றி அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறது. போலீஸ் தேடுகிறது என்று நினைத்து ஆசான் இரண்டு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. அந்த வீட்டில் அத்தனை பேரும் பயந்து போயிருந்தார்கள் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

2. மாதம் பார்த்துப் போங்கள்

குமரிக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு. வெளிச்சம் நன்றாக இருந்து, சேறில்லாமல் நடக்க வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஆனால் உங்கள் வசதியைவிட அவருடைய காலத்தைப் பாருங்கள்.

எங்கள் ஆசானுக்கு இரண்டு காலம் முக்கியம். ஒன்று சிவராத்திரி. முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில் 12 சிவன் கோயில்களுக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓடி முடித்தவர்கள் கால் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்பதால் முந்தின வாரமே அவர் தைலம் காய்ச்சத் தொடங்கிவிடுவார். இன்னொன்று ஆடி. மழையில் உடம்பு இளகியிருக்கும்போது எண்ணெய் போட்டுத் தடவிக்கொள்ள ஆள் வரும், அவரும் ஓர் இடத்தில் நிலையாக இருப்பார். நாங்கள் கடைசியில் படமெடுத்தது ஆடியில்தான். மழை பெய்தது, லென்ஸில் பூஞ்சை பிடிக்குமோ என்று பயந்தோம், ஆனால் ஆள் இருந்தார்.

தேடுவது வில்லுப்பாட்டுக்காரர் என்றால் கோயில் திருவிழாவான கொடைக் காலத்தில் செவ்வாய், வெள்ளியில் அவர் எந்த ஊர்க் கோயிலில் பாடுகிறார் என்று விசாரியுங்கள். கடலில் போகிறவர் என்றால் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள், ஆள் கரையில் இருப்பார். இந்த மாவட்டத்தில் மட்டும் இரண்டு தடைக்காலம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். பாதி ஊர் சர்ச்சில் இருக்கும்.

3. தங்குமிடமும் வண்டியும்

நாகர்கோவிலில் அறை போடாதீர்கள். மலையோரத்தில் வேலை என்றால் மார்த்தாண்டம் அல்லது குலசேகரம்தான் வசதி. ரயிலில் வந்தால் குழித்துறை நிலையத்தில் இறங்கினால் மார்த்தாண்டம் பக்கம். விமானத்துக்குத் திருவனந்தபுரம். கேரள எல்லையைத் தாண்டிப் போய் வருவீர்கள் என்பதால் கேமரா, லென்ஸ், மைக் எல்லாவற்றின் வரிசை எண்களையும் ஒரு தாளில் அடித்து, பில் நகல்களோடு வண்டியில் வைத்திருங்கள். தேர்தல் நேரமாக இருந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கையில் வேண்டாம். பறக்கும் படை நிறுத்தினால் கணக்குக் காட்ட வேண்டும்.

முதல் பயணத்தில் காரில் சுற்றினோம். கண்ணாடி ஏற்றிய வெளியூர்க் கார் ரப்பர் தோட்டத்துப் பாதையில் நுழைந்தால் ஊரே எட்டிப் பார்க்கும். இரண்டாவது முறை இரண்டு பைக்கும் பஸ்ஸும்தான். பஸ்ஸில் போனதில் ஒரு லாபம், கண்டக்டர்களுக்கு ஆசானைத் தெரிந்திருந்தது. எந்த நிறுத்தத்தில் ஏறுவார், கையில் என்ன பை இருக்கும் என்பது வரை சொன்னார்கள்.

4. ஆளின் பின்னால் ஓடாமல் அவருக்கு வேண்டிய சரக்கின் பின்னால் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்துகொண்டே இருக்கும் மனிதரைத் துரத்தினால் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் போய்ச் சேருவீர்கள். ஆனால் அவர் எவ்வளவு அலைந்தாலும் மருந்துக்குச் சரக்கு வாங்கியாக வேண்டும். எண்ணெய் வாங்கியாக வேண்டும். முறிவுக்குக் கட்ட மூங்கில் வேண்டும், பழைய வேட்டித் துணி வேண்டும். இரண்டாவது பயணத்தின் முதல் நாளே நாட்டு மருந்துக்கடைகளுக்குப் போனோம். மார்த்தாண்டத்தில் இரண்டு, தக்கலையில் ஒன்று. மூன்றாவது கடையில் கல்லாவில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். நாலாக மடித்து நூல் கட்டியிருந்தது. பென்சிலில் சித்தரத்தை, தேவதாரம், கோஷ்டம், குந்திரிக்கம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே பலக் கணக்கு. ஒரு பலம் என்றால் 35 கிராம், கடைக்காரர் அதைக் கிராமாக மாற்றிப் பக்கத்தில் பேனாவால் குறித்திருந்தார். எண்ணெய்க் கறை படிந்து தாளின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"சிவராத்திரிக்கு முந்தின செவ்வாய் வருவாரு. சரக்கு வாங்கியிட்டு நேரே செக்குக்குப் போவாரு" என்றார்.  கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வரி, நாங்கள் 12 நாள் கேட்ட எல்லாப் பதிலையும்விட உதவியது.

இப்படி யோசியுங்கள். வில்லுப்பாட்டுக்காரர் என்றால் உடுக்கைக்குத் தோல் கட்டுபவரையும் கொடைக்கு மைக்செட் போடுபவரையும் பாருங்கள். மைக்செட்காரர்களின் டைரியில் அடுத்த ஆறு மாதத்துக்கான கொடைத் தேதிகள் இருக்கும். பனையேறி என்றால் கருப்பட்டி எடுக்கும் வியாபாரியிடம் போங்கள்.

அப்புறம், டீக்கடை. ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே நெற்றியில் விளக்கோடு கடைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் போய் உட்காருங்கள். கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். மூன்று நாள் சும்மா டீ குடித்துவிட்டு வாருங்கள். நாலாம் நாள் கடைக்கார அக்காவே, "நீங்க ஆரு, என்னத்துக்கு வந்திய?" என்று கேட்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லலாம். நீங்களாகப் போய் விசாரித்தால் விசாரணை மாதிரி இருக்கும். அவர்கள் கேட்டு நீங்கள் சொன்னால் அது பேச்சு.

ஊரில் யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. அவரைக் காத்தார்கள். அவர் கட்டுப்போட்ட கை கால் அந்த ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யோசித்தால் அது நியாயம்தான்.

5. முதல் சந்திப்பு: ஒருவரை முன்னால் விட்டுப் போங்கள்

தனியாகப் போகாதீர்கள். அவரிடம் வைத்தியம் பார்த்துக் குணமான ஒருவர் உங்களோடு வர வேண்டும். எங்களோடு வந்தவர் தென்னையிலிருந்து விழுந்து தோள் இறங்கிப்போன ஒரு மரமேறி. வெற்றிலை, பாக்கு, இரண்டு மட்டிப்பழச் சீப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார். பணத்தை நீட்டக்கூடாது என்றும் சொன்னார்.

சிவராத்திரி கழிந்து இரண்டாம் நாள், அருமனைக்கு உள்ளே ஒரு வீட்டுத் திண்ணையில் அவரைப் பார்த்தோம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், மாமரத்திலிருந்து விழுந்து முன்கை வீங்கியிருந்தது. அவன் அம்மா எக்ஸ்ரேயை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆசான் அதைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் எலும்பைத் தடவிப் பார்த்தார். மூங்கில் பத்தையைப் பையனின் கைமேல் வைத்து அளந்து, பிச்சாத்திக் கத்தியால் சீவினார். மறுபடி வைத்துப் பார்த்தார், மறுபடி சீவினார். நான்கு பத்தைகளுக்கும் முனையில் பஞ்சு சுற்றினார். எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றும்போது பையனிடம் அவன் பள்ளிக்கூடத்துக் கபடி டீமைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டி முடித்துவிட்டார் என்பது பையனுக்குத் தெரியவே இல்லை. கேமரா அறையில் பூட்டிக் கிடந்தது. அந்தக் காட்சி எங்கள் படத்தில் இல்லை. ஆனால் அன்றைக்குக் கேமராவோடு போயிருந்தால் படமே இருந்திருக்காது.

கடைசியில் எங்களைப் பார்த்தார். "ஆரு அனுப்பிச்சா?"

இந்தக் கேள்விக்கு நிறுவனத்தின் பெயரையோ விழாக்களின் பெயரையோ சொல்லாதீர்கள். கூட வந்தவரைக் காட்டுங்கள். நாங்கள் காட்டினோம். "தோளு எப்படி இருக்கு மக்கா?" என்று அவரிடம் கேட்டார், எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டார். முதல் நாள் அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

6. அவர் ஏன் கேமராவுக்கு ஒதுங்குகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு காரணம். முதலாவது சட்டம். அங்கீகரித்த படிப்பும் பதிவும் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் வைத்தியம் செய்ய முடியாது என்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் படம் அவருக்கு எதிரான சாட்சியாக ஆகக்கூடும். இதை மறைக்காமல் அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். 'இந்த நோயைக் குணமாக்குவார்' என்று படத்திலோ போஸ்டரிலோ போடாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஊர்ப்பெயர், வீடு, வழி எதுவும் படத்தில் தெரியக்கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

இரண்டாவது, வித்தை. வர்மம் 108 என்பார்கள், அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவுக்கு ஆபத்தில்லாத தொடுவர்மம் 96. எங்கே தொட்டால் ஆள் விழுவான், எந்த அடங்கலில் தட்டினால் எழுவான் என்பதை நல்ல சீடனுக்குத்தான் சொல்வார்கள், அதுவும் பல வருடம் கழித்து. அந்த இடங்களைக் குளோசப்பில் எடுக்க மாட்டோம் என்று நாங்களாகவே முதலில் சொன்னோம். அவர் முகம் அப்போதுதான் இளகியது.

அவர் எல்லாவற்றையும் தானே பார்ப்பவரும் இல்லை. தலையில் அடிபட்டு வாந்தி எடுத்த ஒருவரை எங்கள் கண்முன்னாலேயே, "ஆசாரிப்பள்ளம் கொண்டு போங்க, இப்பமே" என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரட்டினார். இதையும் படத்தில் வையுங்கள்.

7. சம்மதக் கடிதம்

முத்திரைத்தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எங்கள் தயாரிப்புத் தரப்பு அனுப்பிய ஒப்பந்தம் ஆறு பக்கம், முத்திரைத்தாளில், புரியாத சட்ட மொழியில் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆசானின் மருமகன், "விளையை எழுதி வாங்கப் போறியளா?" என்று கேட்டார். ஐந்து நாள் பேச்சு நின்றது.

பிறகு நாங்களே வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் எழுதினோம். பெரிய எழுத்து, சாதாரணத் தமிழ். படம் எதைப் பற்றியது, எங்கெல்லாம் காட்டுவோம், எதைக் காட்ட மாட்டோம், பணம் உண்டா இல்லையா, வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுவோம், வேண்டாம் என்று சொல்லும் காட்சியை எடுத்துவிடுவோம். அதை அவர் பேத்தி சத்தமாக வாசிக்க, அவர் கேட்டு, "சரி" என்று சொல்வதைக் குரலோடு பதிவு செய்தோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைரேகை வைத்து, வீட்டார் ஒருவரும் வெளியாள் ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். ஒரு நகல் அவர்களிடம் இருக்க வேண்டும்.

படத்தில் வரும் நோயாளி ஒவ்வொருவரிடமும் தனியாக வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் அப்பா அம்மாவிடம். ஆசான் சம்மதித்துவிட்டார் என்பதற்காக அவர் திண்ணையில் இருப்பவர்கள் எல்லோரும் சம்மதித்ததாக ஆகாது.

8. அனுமதிகள்: எங்கே யாரிடம்

வீட்டுத் திண்ணையில் எடுக்க வீட்டாரின் சம்மதம் போதும். அதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல்.

போலீஸ் ஸ்டேஷன். தங்கும் இடத்துக்குரிய ஸ்டேஷனில் முதல் நாளே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். குழுவில் இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், வண்டி எண், எத்தனை நாள் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஒரு சந்திப்பில் எங்களை வளைத்துக்கொண்டபோது அந்த முத்திரைதான் காப்பாற்றியது.

காடு. ஆசான் மூலிகை பறிக்கப் பேச்சிப்பாறைக்கு மேலே போவார். "நம்ம காடு, ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ" என்பார்கள். அவர்களைக் கேட்க மாட்டார்கள், கேமராவைக் கேட்பார்கள். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகத்தில் தொடங்குங்கள். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. அதனால் ஆள் கிடைத்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்காமல் முதல் பயணத்திலேயே கொடுத்துவிடுங்கள். காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குப் போவதற்கும் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். அங்கே ஊர்த் தலைவரிடமும் முதலில் கேளுங்கள்.

ரப்பர் தோட்டம். தனியார் விளை என்றால் சொந்தக்காரரிடம் கேட்டால் போதும். மலைப்பக்கம் பெரும்பாலானது அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம், அதற்கு நாகர்கோவில் தலைமை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், எனவே யாருடையது என்று கேட்டுவிட்டு முக்காலியை ஊன்றுங்கள்.

கோயில், அரண்மனை. கோயிலுக்குள் செல்போனே கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. கேமராவுக்கு அறநிலையத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில் இருந்தாலும் அது கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்து நாங்கள் மூன்று நாள் வீணாக்கினோம். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. சிதறால் மலை, வட்டக்கோட்டை இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் கையில்.

டிரோன். 2021 டிரோன் விதிகள்படி பதிவு எண் வேண்டும், பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறம் பார்க்க வேண்டும். பச்சைப் பகுதியிலும் அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. மாத்தூர் தொட்டிப்பாலத்தை மேலிருந்து எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். எங்களுக்கும் வந்தது, ஒரு நாள் போனது. படத்தில் அந்த ஷாட் ஒட்டவே இல்லை. ஆசானைப் பற்றிய படத்துக்கு டிரோன் தேவையில்லை என்பது என் கருத்து.

குழுவில் வெளிநாட்டு நண்பர் யாராவது இருந்தால் சுற்றுலா விசாவில் கேமராவைத் தூக்க வேண்டாம். அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல்.

9. எடுக்கும் நாள்கள்

மூன்றாவது பயணம் 15 நாள். அதில் கேமராவை வெளியே எடுத்தது ஆறு நாள்தான். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், சட்டையில் மாட்டும் மைக் போதும். கம்பில் மாட்டிய மைக்கைப் பார்த்தால் நோயாளிகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒலிதான் இங்கே பெரிய பாடு. ஓட்டுக்கூரையில் மழை, சீவிடு (சில்வண்டு), தூரத்தில் எங்காவது குழாய் ஒலிபெருக்கி. பக்கத்து ஊர்களில் எந்தக் கோயிலில் கொடை, எந்தச் சர்ச்சில் திருவிழா என்று முன்கூட்டியே கேட்டு, அந்த நாள்களைப் பேட்டிக்கு விலக்கிவிடுங்கள். பேச்சுப் பதிவுக்கு மதியம் இரண்டிலிருந்து நாலு மணி வரை நல்ல நேரம், ஊர் அடங்கியிருக்கும். அன்றன்றைய பதிவை அன்று இரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்.

10. செலவு

நாங்கள் கொடுத்ததைச் சொல்கிறேன், ஒரு அந்தாஜுக்கு. முதல் 12 நாளில் டிரைவரோடு கார் ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், மொத்தம் 33,600. அறை ஒரு நாளைக்கு 1,400, மொத்தம் 16,800. ஆக 50,400 ரூபாய் செலவழித்து ஆளைப் பார்க்காமல் திரும்பினோம். அடுத்த முறை மாடி வீடு ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தோம், 6,000 ரூபாய். இரண்டு பைக்குக்கும் பெட்ரோல் ஒன்பது நாளைக்கு 3,000-க்குள் முடிந்தது. சமையல் அந்த வீட்டு மாமியே செய்து தந்தார், மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும்.

கூட வந்து வழிகாட்டுபவருக்கு அவர் வேலைக்குப் போனால் என்ன கூலி கிடைக்குமோ அதைக் குறையாமல் கொடுங்கள். எங்களோடு வந்த மரமேறி ஒரு நாள் மரமேறாவிட்டால் அவருக்கு அன்றைய வருமானம் போயிற்று. இதை முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். ஆசானுக்குப் பேட்டிக்கென்று கூலி பேசவில்லை, பேசினால் கிளம்பியிருப்பார். கடைசி நாள் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தோம். படம் ஏதாவது சம்பாதித்தால் அதில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும் என்று சம்மதக் கடிதத்திலேயே எழுதியிருந்தோம்.

மொத்தச் செலவில் பாதியைத் தேடலுக்கே ஒதுக்குங்கள். கேமரா வாடகையைக் குறைத்தாவது நாள்களைக் கூட்டுங்கள். தியேட்டரிலோ பொதுவாகவோ திரையிட வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழுக்கான கட்டணத்தையும் அதற்கான நாள்களையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

11. முதலில் அவர் வீட்டில் போடுங்கள்

எடிட்டிங் முடிந்ததும் வேறு யாருக்கும் அனுப்பும் முன் அவரிடம் கொண்டு போங்கள். லிங்க் அனுப்பினால் யாராவது போனில் நாலு அங்குலத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். நாங்கள் பென் டிரைவில் கொண்டுபோய் அவர் மகள் வீட்டு டிவியில் போட்டோம். முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். திண்ணை போதாமல் முற்றத்தில் பாய் விரித்தார்கள். கட்டவிழ்த்த கையோடு அந்தப் பையனும் வந்திருந்தான்.

ஆசான் கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்த பிறகு ஒரே ஒரு இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். அவர் ஒரு கிழவியின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைக்கும் காட்சி, மூன்று விநாடிகூட இருக்காது. எங்கள் மூன்று பேர் கண்ணிலும் அது படவே இல்லை. "இது வேண்டாம் மக்கா" என்றார். லேப்டாப்பை அங்கேயே திறந்து, அவர் பார்க்க அதை வெட்டினோம்.